நம் ஸ்டேஷனும் என் தையல் கடையும்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் நலமாகத்தான் இருப்பாய். போனில் கேட்டால் "ம்" என்கிறாய், அந்த "ம்"மை வைத்து நான் என்னத்தைக் கண்டுபிடிப்பது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கழுத்து வலி தேவலையா, விவரமாக எழுது.

ஸ்டேஷன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். பழைய கட்டடத்தை இடித்துவிட்டுக் கண்ணாடியில் புதிதாகக் கட்டப் போகிறார்கள், உள்ளே இருக்கும் என் தையல் கடையும் அதோடு போய்விடும் என்று நான் புலம்பியது உனக்குத் தெரியும். எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்ததில், பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கும் குழுவிலிருந்து ஒரு பெண் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. காலமெல்லாம் பெயிண்டர் வேலை பார்த்த உன் அப்பாவுக்குக் கை சும்மா இருக்குமா? "வர்றவங்க கண்ணுக்குப் பளிச்சுனு இருக்க வேணாமா?" என்று மிச்சம் மீதி டப்பாக்களைக் கலந்து, ஆள் திரட்டி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முகப்புச் செங்கல் சுவர் முழுக்க மஞ்சள் அடித்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டரே ஏணியைப் பிடித்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள். நானும் எங்கே விட்டுப்போச்சு என்று விரலை நீட்டிக்கொண்டு கீழே நின்றேன்.

அந்தப் பெண் வந்தாள், சுவரைப் பார்த்தாள், தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அந்தக் காலத்துச் செங்கல்லை இப்படி மூடிட்டீங்களே, நான் எதைப் பார்த்து எழுதுறது?" என்றாள். எனக்கு அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லவேளை, மகராசி கோபக்காரி இல்லை. கம்பி பிரஷ் போட்டால் கல் தேய்ந்துவிடும், பெயிண்டைக் கரைக்க ஒரு மருந்து சொல்கிறேன், தடவிப் பொறுமையாக எடுங்கள், அடுத்த மாதம் வருகிறேன் என்று போனாள். அப்புறம் என்ன, அடித்தவர்களே உட்கார்ந்து தடவித் துடைத்தோம். ரயிலுக்கு வந்தவர்கள்கூடப் பையை ஓரமாக வைத்துவிட்டு நாலு கல் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு "மஞ்சள் மாஸ்டர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவரும் வெட்கமில்லாமல் திரும்பிப் பார்க்கிறார்.

மறுபடி வந்தபோது அவள் ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்தாள். "பெரிய மனுஷங்க வந்து இறங்கின ஸ்டேஷன் இல்லக்கா இது. தினம் வேலைக்குப் போற ஜனங்களுக்காக இவ்ளோ அழகா யாரோ கட்டியிருக்காங்க பாருங்க, அதுதான் இதோட மதிப்பு" என்றாள். கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு விட்டாளா? என் கடைக்குள் வந்து பின்பக்கப் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதைக் கழற்றலாமா என்றாள். கழற்றினோம். அம்மாடி, ஆள் உயரத்துக்கு மேலே வளைவாக ஒரு ஜன்னல்! பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுத் தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேனே, முதுகுக்குப் பின்னால் இவ்வளவு வெளிச்சம் இருந்திருக்கிறது. எங்கள் கடைகள் இருக்கும் அந்தக் கூடம் முழுவதும் முன்பு ஒரே அறையாம், பெண்கள் காத்திருப்பதற்காகக் கட்டியதாம், கடைத் தடுப்புகள் எல்லாம் பிற்பாடு வந்தவையாம்.

போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. கட்டடத்தை இடிக்கக் கூடாது. ஆனால் கூடத்தைப் பழையபடி ஆக்க வேண்டும், உள்ளே இருக்கும் கடைகள் காலி செய்ய வேண்டும். கையெழுத்துக்கு வீடு வீடாக வெயிலில் அலைந்தது இதற்குத்தானா என்று ஆத்திரம் வந்தது, கத்தரிக்கோலை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். நீ பதறாதே. எதிர்த் தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை கிடைத்துவிட்டது, பழைய வாடிக்கை எல்லாம் அங்கே வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கும் அப்பா பெயிண்ட் டப்பாவோடு கிளம்பினார், வெள்ளையைத் தவிர வேறு நிறம் தொட்டால் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டேன். நேற்று தடுப்பை எடுத்தபின் போய்ப் பார்த்தேன். வேலைக்குப் போகிற ஒரு பெண் அந்த வெளிச்சத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். என் மிஷின் இருந்த இடம்தான். மனசு நிறைந்துவிட்டதடி.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நன்றாக இருக்க வேண்டும். லீவு கிடைத்ததும் எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, மறந்துவிடாதே. இத்தனை வருஷம் அந்த அறையில் ஊசியும் நூலுமாகவே உட்கார்ந்திருந்தேன், நீ வரும் அன்றைக்கு அங்கேயே கையில் ஒன்றும் இல்லாமல் உனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா