காகிதப்பூ வெட்டிய புரட்டாசி

அக்கா,

இன்று காலை காகிதப்பூச் செடியைக் கவாத்து செய்தபோது கட்டைவிரலில் முள் குத்தியது. முள்தான் என்று தெரிந்தும் அரைமணி நேரம் விரலையே பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் இப்படியொரு பைத்தியம்.

கச்சிராயபாளையத்தில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே வேலி. வருஷம் முழுக்க வாசலில் ஏதாவது ஒரு நிறம் இருக்க வேண்டும் உங்களுக்கு. மார்கழிக்கு டிசம்பர் பூ, வெயிலுக்குக் காகிதப்பூவும் அரளியும், மழைக்கு இட்லிப்பூ. பூ ஓயும் நாளுக்கென்றே சிவப்பும் மஞ்சளுமாகக் குரோட்டன்ஸ். "வாசலு ஒரு நாளும் மூளியா இருக்கக் கூடாதுடி" என்பீர்கள். இங்கே குழம்பு வைக்கவே நேரமில்லை, இதில் மூளியாம் என்று கேலி செய்துகொண்டே நானும் மண் கொத்துவேன்.

இட ஒதுக்கீட்டுக்காக மறியல் நடந்த அந்தப் புரட்டாசி வாரத்தில் பஸ் இல்லை, கடை இல்லை. சும்மா இருக்க முடியாமல் காகிதப்பூவை வெட்டினோம். வெட்டிய கிளைகளை வாரும்போது சட்டென்று காலை உதறினீர்கள்.

"இன்னா ஆச்சிக்கா?"

"முள்ளு குத்திட்ச்சி. வேற இன்னா? நம்ம செடி நம்மளயே குத்துது."

நானும் நம்பினேன். மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டேன், டீயும் வைத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, "கண்ணு சொருவிகினே போவுதுடி" என்றீர்கள். பற்றைத் துடைத்துப் பார்த்தேன். கணுக்காலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். பாம்பு.

ஆஸ்பத்திரிக்குப் போகும் கள்ளக்குறிச்சி சாலை நெடுக மறியல்காரர்கள் புளியமரங்களை அறுத்துப் போட்டிருந்தார்கள். உங்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். முதல் மரத்தருகே ரம்பத்தோடு நின்றவன் என் தம்பி. "ஐயோ, நம்ம அக்காவா? தூக்குங்கடா!" என்று ரம்பத்தைப் போட்டுவிட்டுத் தோள் கொடுத்தான். ஒரு மரம் தாண்டினால் இன்னொரு மரம். அவன் அறுத்த மரங்களின் மேல் அவனே உங்களைச் சுமந்து ஏறி இறங்கினான். ஐந்தாவதோ ஆறாவதோ மரத்தருகே என் கையைப் பிடித்திருந்த உங்கள் விரல்கள் தளர்ந்துவிட்டன.

"நான் இன்னாக்கா பண்ணுவேன்?" என்று தம்பி ஒரே ஒரு முறை கேட்டான்.

பின்னாளில் என் மகள் அந்த ஒதுக்கீட்டில்தான் படித்து வேலைக்குப் போனாள். வேலை உத்தரவு வந்த அன்று நான் அழுததைச் சந்தோஷம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பாதி அதுதான்.

தம்பியைத் திட்ட மனம் வரவில்லை. மறியலைத் திட்ட வாய் வரவில்லை. மஞ்சள் அரைத்த என்னைத்தான் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். "சும்மா இருடி" என்று அதட்ட நீங்களும் இல்லை.