பாலத்தடியில் உன் பெயர்

மயிலாப்பூர் கால்வாய்க்கரை,
19-5-1969

அன்புள்ள அண்ணன் தனபாலனுக்கு,

தங்கை புஷ்பம் எழுதுவது. இங்கே நைனா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம். படகும் சுகம், அதன் பாய்மரம் மட்டும் சுகமில்லை. அங்கே நீ உண்மையிலேயே சுகமா, இல்லை கார்டில் எழுதுவதற்காகச் சுகமா?

ஒன்பது மாதம் கழித்து நீ போட்ட கார்டில் மொத்தம் நாலு வரி. அதில் மூன்று விசாகப்பட்டினத்து வெயிலைப் பற்றி. வெயிலை நாங்கள் மெட்ராஸிலேயே பார்த்திருக்கிறோம். அம்மா அதை என்னை நாலு தடவை படிக்கச் சொன்னாள். நைனா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் நான் படித்து முடிப்பதற்குள் ஒரு பீடிக்கு ஐந்து தீக்குச்சி செலவாயிற்று.

கோவளத்தில் விறகு ஏற்றிய படகோடு எங்களை நிறுத்திவிட்டு, துறைமுக வேலைக்கென்று நீ சொல்லாமல் ரயிலேறின நாளிலிருந்து நைனா உன் பெயரைச் சொன்னதில்லை. ஒன்பது மாதத்தில் ஒரு பிள்ளையே பிறந்துவிடும். அவர் வாயில் உன் பெயர் பிறக்கவில்லை. அம்மா மறந்துபோய்ச் சொல்லிவிட்டால் எழுந்து போய்த் துணி துவைப்பார். நைனா துணி துவைத்து நீ பார்த்திருக்கிறாயா? சட்டையில் இப்போது ஒரு பொத்தான் கிடையாது.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நானும் படகில் ஏறிவிட்டேன். இப்போது படகின் முன் ஆள் நான், நீ முன்னாள். கோபித்துக்கொள்ளாதே. கோவளத்தில் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். நல்ல தெற்குக் காற்று. பாயை விரித்தால் மற்ற வீட்டில் தூங்குவார்கள், நம் வீட்டில்தான் ஓடுவார்கள். கயிறு கட்டி இழுக்கிற வேலையே இல்லை. அம்மா நடுவில் அடுப்பு மூட்டி மீன் குழம்பு வைத்தாள். கரையில் ஒரு நாய் நாலு பர்லாங்கு குழம்பு வாசனையோடு கூடவே நடந்து வந்தது.

அடையாறு தாண்டி ஒரு பாலம் வந்தது. துறைமுகத்தில் கிரேன் பார்க்கிற உனக்கு நம் படகின் முறை மறந்திருக்கலாம், அதனால் சொல்கிறேன். விறகு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பதால், பின்னால் கீற்றுக் கூரையடியில் சுக்கான் பிடிக்கிற நைனாவுக்கு முன்னால் எதுவும் தெரியாது, பாய்மர உச்சிகூட. முன்னால் இருப்பவர் பாயை இறக்கி, பாய்மரத்தைச் சாய்த்து, "சாஞ்சாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்காமல் நைனா படகைப் பாலத்துக்குள் விடவே மாட்டார், கரையோரம் ஒதுக்கிவிடுவார்.

நான் பாயை இறக்கிவிட்டேன். மரத்தின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து நைனா கத்தினார்: "தனபாலா! மரத்தச் சாய்டா!"

அண்ணா, சத்தியமாகச் சொல்கிறேன், அம்மா அரிசி களைந்த கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் நைனா இரண்டு தடவை செருமினார். வாயை விட்டுவிட்டோமே என்று அவர் வெட்கப்படுவது விறகுக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரிந்தது. அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று, உன்னுடைய அந்தத் தகரக் குரலில், "சாஞ்சாச்சு நைனா!" என்றேன்.

முடிச்சோ பாதிதான் அவிழ்ந்திருந்தது.

படகு நேராகப் போய்விட்டது. மர உச்சி பாலத்தில் மோதி, நடுவில் முறிந்து, விறகின் மேல் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. நாற்பது ஐம்பது கட்டை தண்ணீரில் மிதந்தது. பாலத்தின் மேலிருந்து ஒருவன், "இன்னா நைனா, பாலத்தையும் ஏத்திக்கினு போறியா?" என்றான். அம்மா விடுவாளா? "வந்து ஒரு கை குடுடா, உன் வூட்டாண்ட எறக்கிட்டுப் போறேன்!" என்றாள்.

நான் இடுப்பளவுத் தண்ணீரில் கட்டை பொறுக்கிக்கொண்டே, அது என் குரல்தான் என்று நைனாவிடம் சொன்னேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அடிக்கவில்லை. "உன் கொரலுன்னு காதுக்குத் தெரிஞ்சுது புள்ளே. கைதான் அவன்னு நம்பிடுச்சு" என்றார். பிறகு ரொம்ப நேரம் சுக்கானையே துடைத்துக்கொண்டிருந்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

எப்படியோ கழி ஊன்றி மயிலாப்பூர் வந்துவிட்டோம். ஏற்றின விறகோடு பாய்மரத்தையும் விறகாகக் கொண்டுவந்த முதல் படகு நம்முடையதுதான் என்று விறகுத் தொட்டி முதலாளி வெள்ளைச்சாமி சிரிக்கிறார். புது மரம் செதுக்குகிறார்கள், பத்து நாள் ஆகும். புஷ்பம் பள்ளிக்கூடம் போய்விடுவாளே, முன்னால் நிற்க நல்ல ஆள் ஒருவன் இருக்கிறான், அனுப்பட்டுமா என்று அவர் கேட்டார். நைனா, "பௌர்ணமி வரிக்கும் பாக்கலாம்" என்றார். எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

இன்று காலை என்னிடம் வந்து, விசாகப்பட்டினத்துக்குத் தபால் போக எத்தனை நாள், அங்கிருந்து ரயில் வர எத்தனை நேரம் என்று விசாரித்தார். அப்புறம், துறைமுக வேலையை விட வேண்டாம், லீவு போட்டுவிட்டு வந்து போனால் போதும் என்று எழுதச் சொன்னார். யார் சொன்னது என்று மட்டும் எழுதக் கூடாதாம். ஆகையால், அண்ணா, யாரோ ஒருவர் சொல்லச் சொன்னார்.

அம்மா உனக்குத் திருநீறு வைத்து மடித்துத் தந்திருக்கிறாள், உள்ளே இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு என்கிறாள். வர முடியாவிட்டால் பௌர்ணமிக்கு முன்பு ஒரு கார்டாவது போடச் சொல்கிறாள். நான் சொல்வது வேறு. கார்டு போடாதே. நாலு வரியை இன்னும் எத்தனை தடவை நான் படிப்பது?

உன் வாலுத் தங்கை,
புஷ்பம்