பின்கதவு மூடுகிறது

என்னங்க,

ஜெயிச்சாச்சு! நீங்க கேட் தூண்ல இடிச்சு வளைச்ச பிக்கப் வண்டியோட பின்தொட்டியை நானே நிமிர்த்திட்டேன். "இது இனி பழைய இரும்புக் கடைக்குத்தான், நீ கை வைக்காதே"ன்னு கத்தினீங்களே! இப்போ பின்கதவு ஒரே தள்ளுல மூடுது.

ஜாக்கியைத் தொட்டிக்குள்ள குறுக்கே படுக்க வச்சு, வளைஞ்ச பக்கத்தை வெளியே தள்ளினேன். முதல்ல பலகை முட்டுக் கொடுக்காததால, நல்லா இருந்த பக்கமும் புடைச்சிடுச்சு. பார்த்துச் சிரிச்சீங்க, தொலைச்சிடுவேன்.

அதே வண்டியிலதான் நாற்காலி டெலிவரிக்குப் போறேன். சாப்பாடு அடுப்பு மேல. வீட்டுச் சாவி வழக்கமான இடத்துல.

பி.கு.: நாலு நாளா நீங்க கோவிச்சுக்கிட்டு ஹால்ல படுத்தது போதும். ஆனா கட்டில்ல உங்க பக்கம் உட்காராதீங்க, விழுந்துடுவீங்க. முட்டுக் கொடுத்த பலகை அங்கேருந்து உருவினதுதான், பிளந்துபோச்சு. என் பக்கம் ரெண்டு பேருக்கும் போதும்.