பைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற அக்காவுக்கு

அக்கா,

லாச்சப்பல் மெத்ரோ ரயில்நிலைய வாசலில் இன்று பின்னேரமும் தள்ளுவண்டியில் சோளப்பொத்தி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருகல் மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கனடா, லண்டன் என்று வந்து இறங்கும் உங்கள் சொந்தக்காரர்களுக்குப் பாரிஸைச் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியாகச் சேலைக்கடைகளுக்கு இங்கேதான் கூட்டி வருவீர்கள். அவர்கள் கடைக்குள் நுழைந்த பிறகு நாமிருவரும் வெளியே நின்று ஆளுக்குப் பாதி சோளம் தின்போம். அன்றைக்கு நீங்கள் வாயில் வைக்கும் முதல் சாப்பாடு அதுதான்.

பாரிஸுக்கு வெளியே திரான்சியில், எனக்கு மேல்மாடியில் இருந்தீர்கள். விருந்தாளி வந்தால் என்னையும் துணைக்கு இழுப்பீர்கள். நோத்ருதாம் மாதா கோயிலில் சைவக்காரரும் மெழுகுதிரி கொளுத்துவார்கள். லூவர் அருங்காட்சியகத்துக்கு வெளியே, கண்ணாடிப் பிரமிட்டின் உச்சியைக் கிள்ளுவதுபோலக் கையை வைத்துப் படம் எடுப்பார்கள். உள்ளே போக ஒருவருக்கும் பொறுமை இருந்ததில்லை. பிறகு ஈபிள் கோபுரம். அதன் காலடியில் பைகள், குடைகள், பிள்ளைவண்டி எல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்கு உயரத்திலை தலை சுத்தும்."

பன்னிரண்டாம் மாடிப் பல்கணியில் எட்டித் தொங்கி உடுப்புக் காயப்போடும் மனுசிக்குத் தலை சுற்றுமாம்! நான் சிரித்தால் கையைக் கிள்ளுவீர்கள்.

"ஆரேன் ஒராள் நிக்கத்தானே வேணும். நான் ஒருநாளைக்கு ஆறுதலா ஏறுவன். உச்சியிலை நிண்டு எங்கடை பில்டிங் தெரியுதோ எண்டு பாக்கவேணும்."

உண்மையிலேயே ஆசைப்பட்டீர்கள். ஆனால் விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

மாசிக் குளிரில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. ரொறன்ரோவிலிருந்து உங்கள் தங்கை குடும்பம் செத்தவீட்டுக்கு வந்து, எட்டாம் நாள் எட்டுச் செலவு வரை நின்றது. படையல் சாப்பிட்ட கை காயமுன்பே தங்கை என்னிடம் வந்தாள்.

"நாளையிண்டைக்குப் பிளேன். பிள்ளையள் இன்னும் ஈபிள் ரவர் பாக்கேல்லை. அக்கா இருந்திருந்தா கூட்டிக்கொண்டு போயிருப்பா."

செத்தவீட்டுத் துடக்கோடு கோயிலுக்குப் போகக்கூடாதாம். இந்தக் கோபுரத்துக்குப் போகலாமாம். உங்கள் முகத்துக்காகக் கூட்டிப்போனேன். அங்கே போனதும் தன் கைப்பையையும் பிள்ளைகளின் முதுகுப்பைகளையும் என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள் இதிலை நில்லுங்கோவன். முந்தி நான் வந்தநேரமும் அக்கா ஏறேல்லை. பாவம், அவவுக்குத் தலை சுத்தும்."

"அவவுக்கு ஒருநாளும் தலை சுத்தினதில்லை," என்றேன். "ஏறவேணும் எண்டு சரியான ஆசை. உங்கடை பையளைப் பாத்துக்கொண்டுதான் கீழை நிண்டவ."

அவள் முகம் வெளிறிப்போனது.

"அப்ப ஏன் அவ எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

பைகளை அவள் தோளிலேயே மாட்டிவிட்டு ரயிலேறி வந்துவிட்டேன்.

அவர்களை வாய் வலிக்கத் திட்டித் தீர்த்துவிட்டேன் அக்கா. அந்தக் கோபம் பாதி ஆறியும் விட்டது. தங்கை கேட்ட கேள்விதான் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. அவர்கள் உங்களைக் கேட்கவில்லை, சரி. "நானும் வாறன்" என்று நீங்கள் ஒருமுறை வாயைத் திறந்திருந்தால் என்ன? அதற்காக உங்களோடு நான் இன்னும் கோபம்தான்.