மூன்றாவது டிக்கெட்

அன்புள்ள ஏங்க,

வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. முப்பது வருஷமும் இந்த ஒரு வார்த்தையிலேயே உங்களோடு குடும்பம் நடத்திவிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று நீங்கள் கெஞ்சிப் பார்த்தும் எனக்கு வாய் வரவில்லை.

வருகிற திங்கட்கிழமை நீங்கள் போய் ஒரு வருஷம். ராயப்பன்பட்டிக் கோயிலில் காலைப் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். ஓடைப்பட்டித் தோட்டத்தை மகன் பார்த்துக்கொள்கிறான். திராட்சைப் பந்தலில் இந்தத் தடவை காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. உங்கள் அக்கா சவேரி மதினி என்னோடுதான் இருக்கிறார். முட்டிவலி தவிர வேறு குறையில்லை.

இப்போது நான் எழுத வந்தது அந்தமான் போன கதையை. ஊரே படிக்கட்டும். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்துதானே அந்த ஐந்து நாளைக் கெடுத்துவைத்தேன்!

அறுப்பு முடிந்து தோட்டம் ஓய்ந்திருந்த நேரம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற மறு மாதம். தேனிக்குப் போய்த் திரும்பிய நீங்கள், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் முன்னால் ஒரு தாளை நீட்டினீர்கள். தம்பதிகளுக்கான தீவுச் சுற்றுலா. கடற்கரையில் மெழுகுவத்தி விருந்து, இருவர் போகும் துடுப்புப் படகு, சூரியன் மறையும் நேரத்தில் கரையோர நடை. வாசித்து முடிப்பதற்குள் எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"இந்த வயசுலயா?" என்றேன்.

"கல்யாணமான நாள்லருந்து நாம ரெண்டு பேரு மட்டும் ஒக்காந்து ஒரு வாய் சோறு தின்னதில்ல. அப்பா அம்மா, புள்ளைக, அக்கா, வேலையாளுகன்னு எப்பவும் கூட்டம். ஒரு அஞ்சு நாள எனக்குக் குடு, போதும்."

அதற்கு மேல் நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நானும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "என்ன டீச்சர், ரெண்டு பேரும் ஜோடியாக் கடலுக்குப் போறீகளாம்ல? புதுப்பொண்ணு கெணக்கா!" பாசத்தில் செய்த கேலிதான். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் முட்டிபோட வைத்த கணக்கு டீச்சருக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் சொன்னேன்: "மதினியும் வரட்டும். அவுகளத் தனியா விட்டுட்டுப் போனா நாலு பேரு என்ன பேசுவாக?"

"சரி" என்றீர்கள். மறுநாள் தேனிக்குப் போய் மூன்றாவது டிக்கெட்டையும் வாங்கி வந்தீர்கள். ஏன் சண்டை போடவில்லை?

ஓட்டல் அறையில் கட்டில் முழுக்க ரோஜா இதழ். துண்டில் செய்த இரண்டு அன்னங்கள். மதினி சிலுவை போட்டுக்கொண்டு, "யாரு படுக்கையில பூவக் கொட்டுனது? எறும்பு வரும்ல?" என்று அத்தனையையும் கூட்டித் தள்ளினார். கட்டிலில் நானும் மதினியும். பால்கனி ஓரம் தரையில் மெத்தை போட்டு நீங்கள். அந்த ஏற்பாட்டைச் செய்ததும் நானேதான்.

மெழுகுவத்தி விருந்துக்கு மணலில் இரண்டு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். மூன்றாவதை நான் கேட்டு வாங்கினேன். மதினி ரசம் கிடைக்குமா என்று விசாரித்தார். நீங்கள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் இருவருக்கும் மீனில் முள் எடுத்துக் கொடுத்தீர்கள்.

மூன்றாம் நாள் படகு. ஏறச் சொல்லி எனக்குக் கை நீட்டினீர்கள். "மதினிய ஏத்திட்டுப் போங்க. பாவம், அவுக கடலே பாத்ததில்ல" என்று பின்னால் நகர்ந்துகொண்டேன். நான் மட்டும் என்ன, கடலிலேயே பிறந்து வளர்ந்தவளா? சேலைக்கு மேல் மிதவைச் சட்டை மாட்டிய மதினியோடு நீங்கள் துடுப்புப் போட்டுப் போனதைக் கரையிலிருந்து படம் எடுத்தேன். எவ்வளவு நல்ல மருமகள் நான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

நான்காம் நாள் மதினிக்குக் காய்ச்சல். சாயங்காலம் நீங்கள் வாசலில் நின்று, "அக்காவுக்கு ஒண்ணுமில்ல, செத்த நேரம் படுத்திருந்தாச் சரியாப் போகும். நீ வா" என்றீர்கள்.

"ஒடம்பொறந்தவளுக்கு முடியல, ஒங்களுக்கு ஊர் சுத்தணுமாக்கும்?" என்று எரிந்து விழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் போனீர்கள். திரும்பி வந்ததும், கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்றீர்கள்.

ஊருக்கு வந்து அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். நாத்தனாருக்காகக் கடலையே வேண்டாம் என்று விட்டவள் என்று ஊரும் மெச்சியது. நாலு மாதம் கழித்து, பந்தலுக்கடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போன வாரம், உங்கள் பூசைக்கு ஆக வேண்டியதைப் பேசிக்கொண்டிருந்தபோது மதினி திடீரென்று அழுதார்.

"அன்னைக்கு எனக்குக் காச்சலே இல்ல ஆத்தா. அதுக்கு முந்துன நாளு படகுல வச்சுத் தம்பி கேட்டான். 'அக்கா, நாளைக்கு ஒரு நா ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கிறியா? அவகூட ஒரு தடவ கரையோரமா நடந்துட்டு வந்துர்றேன்'னான். நானும் படுத்தேன். நீ என் பக்கத்த விட்டு எந்திரிக்கவே இல்லியே! தம்பி கேட்டான்னு வாயத் தொறந்து சொல்ல எனக்குக் கூச்சமாப் போச்சு."

பள்ளிக்கூடத்தில் எத்தனை பொய் வயிற்றுவலியைக் கண்டுபிடித்தவள் நான்! அன்றைக்கு மதினி நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டேனே, நெற்றி சூடாக இல்லையென்று என் கைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? உங்களோடு தனியாக நடக்க வெட்கப்பட்டுத்தான் அந்தக் காய்ச்சலை நம்பினேனா? அந்த நடையில் என்னிடம் என்ன சொல்ல இருந்தீர்கள்? ஒன்றும் சொல்லாமல் சும்மா நடக்கத்தான் ஆசைப்பட்டீர்களோ?

என்னை மன்னித்துவிடுங்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் கல்லறைக்கு வருகிறேன். ஆனால் ஒரு நாளும் தனியாக வந்ததில்லை. மதினியைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். நேற்று அவரிடம் சொன்னேன்.

"மதினி, திங்கக்கெழம பூச முடிஞ்சதும் நீங்க வீட்டுக்குப் போயிருங்க. கல்லறைக்கு நான் மட்டும் போறேன்."

"யாராச்சும் கேட்டாகன்னா என்ன சொல்லட்டும்?"

"'புருசன்கூட இருக்கப் போயிருக்கா, இப்ப வர மாட்டா'ன்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை வருகிறேன். யாரையும் கூட்டிக்கொண்டு வர மாட்டேன்.

உங்கள் மனைவி,
செல்வராணி