பதில் வராத எண்

அக்கா,

சாப்பாட்டை அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்காரர் மதியம் வருவார். கதவைத் திறக்க மனசில்லையென்றால் விட்டுவிடு, குழாய் இன்னும் ஒரு நாள் ஒழுகட்டும்.

செருப்பு மாட்டிய பிறகு திரும்பி உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஏற்பாடு செய்த அந்த ஆறுதல் மெசேஜ் தினமும் காலையில் வந்ததும், நீ எழுந்து உட்கார்ந்து பதில் எழுதுவாய். நான் எத்தனை முறை "சாப்டியாக்கா?" என்று அனுப்பினாலும் பதிலே வராது. பொறாமைதான். அதனால்தான் நேற்று கத்திவிட்டேன்: "அது கம்ப்யூட்டர் அனுப்புறது அக்கா. நீ எழுதுறத அங்க ஒருத்தரும் படிக்கிறதில்ல."

நீ போர்வைக்குள்ளிருந்து சொன்னாய்: "தெரியும்டி. அதனாலதான் எழுத முடியுது. உனக்கு எழுதினா நீ ஓடி வந்துடுவ."

நான் படிக்கும் நாவல்களில் நண்பனுக்கு ஒன்றென்றால் பனியில் நடந்துபோய்க் கதவைத் தட்டுவார்கள். அன்பு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

இன்று காலையும் மெசேஜ் வந்தது. நீ போனைத் தொடவே இல்லை. நான் சொன்னதால்தானே? அதை நினைத்தால் படியிறங்கக் கால் வரமாட்டேன் என்கிறது. அந்த மெசேஜுக்கு எப்போதும்போல பதில் எழுது அக்கா. நான் இனி வாயைத் திறக்க மாட்டேன்.

சாவி வழக்கமான இடத்தில்.

பின்குறிப்பு: எப்போதாவது தோன்றினால் எனக்கும் எழுது. பதில் போட மாட்டேன். ஓடி வர மாட்டேன். சாயங்காலம் வந்து உன் முகத்தையும் உற்றுப் பார்க்க மாட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் செய்வேன்.