அடுத்த தடவைக்கும் செல்லுமா

செவ்வாய், இரவு

கோட்டை, மியூசியம், இன்னும் ரெண்டு இடம், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பாஸ். வாங்கின அன்னைக்கு மட்டும்தான் செல்லும். வாங்குறவங்க பாதி இடம்கூட ஏன் பார்க்கறதில்லைன்னு விசாரிச்சு ரிப்போர்ட் எழுதறதுதான் இப்போ என் வேலை.

சாயங்காலம் அகழி ஓரமா ஒரு வங்காளத்து ஜோடி உட்கார்ந்திருந்தாங்க. வைத்தியத்துக்கு வேலூர் வந்தவங்க. அந்த அக்கா கையில ரெண்டு பாஸ். இந்தி தெரிஞ்சவங்களுக்குப் புரியும்னு, வீட்டுல பேசுற உருதுலயே பேச்சுக் கொடுத்தேன்.

"மத்த இடமெல்லாம் பார்க்கலையா அக்கா?"

"கோட்டை வாசல்லயே மூச்சு வாங்கிடுச்சும்மா. நாளைக்கு ஊருக்குப் போறோம். அடுத்த தடவை வந்தா இது செல்லுமா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அவங்க வீட்டுக்காரர் என்னைத் தள்ளிக் கூட்டிட்டுப் போனார்.

"இனிமே மருந்து கேட்காது, கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அவளுக்குத் தெரியாது. செல்லும்னு சொல்லிடும்மா."

திரும்பி வந்து, "செல்லும் அக்கா"ன்னேன்.

பாஸை மடிப்பு விழாம கைப்பையில வெச்சாங்க. "இங்க வெயில் எப்போ கம்மியா இருக்கும்?"

"ஜனவரியில."

"அப்போ ஜனவரிக்கே டிக்கெட் போட்டுடுங்க"ன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னாங்க. அவர் தலையாட்டினார். முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

மேல்விஷாரத்துல வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கல. ஏன்னு கேட்ட பெத்த அம்மிகிட்டயும் தலைவலின்னுட்டேன். பாஸை ஒரு வாரம் செல்லுற மாதிரி மாத்தணும்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு வாரம். ஒரு வருஷம்னே எழுதினாலும் அந்த அக்காவுக்கு அது உதவாது.